புது ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின்: முதல் பத்து நாள்

முதல் தடவை ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் போயிற்று. துணி நனைந்து, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீரைத்தான் காணோம். மேலே மூடி உள்ள மெஷினில் பல வருடம் துவைத்தவன் நான். துணி மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் நின்றால்தான் துவைக்கிறது என்று கண் நம்பும். எழுந்து போய்க் குழாயைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. ஹோஸ் எங்கும் மடங்கவில்லை. அப்புறம் கையேட்டை எடுத்துப் பொறுமையாகப் படித்தபோதுதான், அந்த மெஷின் அப்படித்தான் துவைக்கும் என்று புரிந்தது.

புதிதாக வாங்கியவர்களுக்கு முதல் சில நாள் வரும் குழப்பங்களில் பல இந்த மாதிரிதான். நிறையத் தண்ணீர், நிறையத் தூள், முடிந்ததும் மூடியைச் சாத்துவது என்று பழைய மெஷினில் நல்லதாக இருந்த பழக்கங்கள் இதில் கெடுதலாகிவிடுகின்றன. அதனால் மெஷின் வீட்டுக்குள் வரும் நிமிடத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

பெட்டியைப் பிரிக்கும்போது

தூக்கப் போகும் முன் எடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 60 முதல் 80 கிலோ இருக்கும். சுழலும்போது ஆடாமல் இருப்பதற்காக உள்ளே கான்கிரீட் கட்டிகளை வைத்திருப்பார்கள், எடையில் கணிசமான பங்கு அதனால்தான். ஒருவர் தனியாக நகர்த்த வேண்டாம். கதவையோ தூள் போடும் டிராயரையோ பிடித்து இழுக்கவே கூடாது. அடிப்பக்கம் மோட்டாருக்குக் கீழே தெர்மோகோல் துண்டு முட்டுக்கொடுத்து வைத்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

இதற்கடுத்த வேலைதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. மெஷினின் முதுகுப்பக்கம் பாருங்கள். மூன்று அல்லது நான்கு பெரிய போல்ட்டுகள் தெரியும். உள்ளே இருக்கும் தொட்டி மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிறது, கீழே அதிர்வு தாங்கிகள் அதைப் பிடித்திருக்கின்றன. லாரியில் வரும்போது அது ஆடி உடையாமல் இருக்க, இந்தப் போல்ட்டுகளால் வெளிப்பெட்டியோடு சேர்த்து இறுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. பிழியும் நேரத்தில் முழு அதிர்வும் பெட்டிக்கு வந்து, மெஷின் தரையில் நடக்க ஆரம்பிக்கும். உள்பாகங்கள் உடையவும் செய்யும்.

1937-ல் அமெரிக்காவில் பென்டிக்ஸ் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கான முதல் தானியங்கி மெஷினைக் கொண்டுவந்தது. அதுவும் முன்பக்கம் கதவு உள்ளதுதான். அதில் தொட்டியைத் தாங்கும் ஸ்பிரிங் ஏற்பாடு கிடையாது. அதனால் மெஷினையே தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. இன்று நாம் விரும்பிய மூலையில் சும்மா நிற்கவைக்கிறோம் என்றால் அதற்குக் காரணம் அந்த ஸ்பிரிங்குகள்தான்.

எங்கள் வீட்டுக்குப் பொருத்த வந்தவர் அவசரத்தில் நான்கில் மூன்றைக் கழற்றிவிட்டு நான்காவதை மறந்துவிட்டார். ஹோஸுக்குப் பின்னால் மறைந்திருந்ததால் எனக்கும் கண்ணில் படவில்லை. முதல் பிழிதலில் வந்த சத்தத்தைக் கேட்டு ஓடிப்போய் நிறுத்தினேன். பொருத்த வந்த அந்தத் தம்பி நல்லவர்தான், போன் செய்ததும் மறுநாளே வந்து எடுத்துக்கொடுத்தார். ஆனால் அதிலிருந்து எல்லோரிடமும் இதையே சொல்கிறேன்: கழற்றிய போல்ட்டுகளைக் கையில் வாங்கி எண்ணிப் பாருங்கள். எத்தனை என்று கையேட்டில் படத்தோடு போட்டிருக்கும். துளைகளை மூடக் கூடவே பிளாஸ்டிக் மூடிகள் கொடுப்பார்கள், அவற்றைச் செருகிவிடுங்கள். போல்ட்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுக் கையேட்டோடு வையுங்கள். வீடு மாறும்போது திரும்பவும் மாட்ட வேண்டும்.

மட்டம் பார்ப்பது

தரை கெட்டியாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துடைக்க வசதியாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் பிழியும்போது அந்தச் சக்கரங்கள்தான் முதலில் ஆடும்.

மெஷினின் நான்கு கால்களும் திருகக்கூடியவை. ரசமட்டம் இருந்தால் மேலே குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பாருங்கள். அது இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. எதிரெதிர் மூலைகள் இரண்டில் கையை வைத்து மாறி மாறி அழுத்துங்கள். லேசாக ஆடினாலும் ஒரு கால் தரையைத் தொடவில்லை என்று அர்த்தம். அந்தக் காலைத் திருகி இறக்குங்கள். ஆட்டம் நின்றதும் காலில் உள்ள நட்டை மேல்நோக்கி இறுக்குங்கள். நட்டை இறுக்காமல் விட்டால் பத்துத் தடவை துவைப்பதற்குள் கால் தானே திரும்பிவிடும். சுவரோடு ஒட்டி வைக்காமல் சற்று இடம் விடுங்கள்.

தண்ணீரும் கரண்டும்

உள்ளே வரும் ஹோஸில் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையால் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை வீணாகும். மாட்டிய பிறகு குழாயைத் திறந்து, இணைப்பைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் தெரிந்துவிடும்.

மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் எடுப்பவர்கள் அழுத்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், மூன்று மீட்டருக்கு 0.3 பார்தான். மெஷினுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். தொட்டி மெஷினுக்கு நேர் மேலே, அதே மாடியின் கூரைமேல் இருந்தால் இதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. போதாவிட்டால் தண்ணீர் நிரம்ப நேரமாகி, மெஷின் பிழைக் குறி காட்டி நின்றுவிடும்.

கழிவுநீர் ஹோஸைத் தரையில் போட்டுவிடாதீர்கள். பழைய மெஷினில் அப்படித்தான் போட்டிருப்போம், இதில் கூடாது. அதன் வளைவு தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. கீழே கிடந்தால் டிரம்மில் ஏறும் தண்ணீர் தானாகவே வெளியே இழுபட்டு ஓடிவிடும், மெஷினும் மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கும். ஹோஸின் நுனியைக் குழாய்க்குள் ஆழமாகத் திணித்துக் காற்றே போகாமல் அடைப்பதும் இதே தொல்லையைத் தரும்.

தண்ணீரை மெஷினே சூடாக்குகிறது. அந்த ஹீட்டர் சுமார் 2000 வாட் இழுக்கும். எனவே எர்த் உள்ள, அந்தச் சுமையைத் தாங்கும் தனிப் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்ட வேண்டாம்.

முதல் ஓட்டம் காலியாக

புது டிரம்முக்குள் சில சமயம் ஈரம் இருக்கும். யாரோ பயன்படுத்தியதைக் கொடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம், தொழிற்சாலையில் தண்ணீர் விட்டுச் சோதித்ததன் மிச்சம் அது. துணி எதுவும் போடாமல், கொஞ்சம் சலவைத்தூள் மட்டும் போட்டு, காட்டன் புரோகிராமை 60 டிகிரியிலோ அதற்கு மேலோ ஒரு தடவை ஓட்டுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ரப்பர் வாசனையும் போகும். இந்த ஓட்டம் முழுக்க அருகிலேயே இருந்து கசிவு, ஆட்டம், தண்ணீர் வெளியேறும் விதம் எல்லாவற்றையும் பாருங்கள்.

கதவை 'டக்' என்று சத்தம் வரும்வரை சாத்த வேண்டும். ஓட ஆரம்பித்ததும் பூட்டிக்கொள்ளும். முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் திறக்காது. பலம் கொடுத்து இழுக்காதீர்கள், தானே விடும்.

துணி எவ்வளவு போடலாம்

ஏழு கிலோ மெஷின் என்றால் உலர்ந்த துணி ஏழு கிலோ, அதுவும் காட்டன் புரோகிராமுக்கு மட்டும். சிந்தெடிக் துணிக்குப் பாதி, மென்துணிக்கும் கம்பளிக்கும் அதைவிடக் குறைவு. வீட்டில் தராசு வைத்து நிறுத்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் கையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். துணியை அமுக்காமல் போட்ட பிறகு, டிரம்மின் கூரைக்கும் துணிக்கும் இடையே உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்த இடம் வேண்டும். இந்த மெஷின் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டு அடித்துத்தான் துவைக்கிறது. டிரம்மின் உள்சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் மேடுகள் அதற்காகத்தான். கூரைவரை திணித்தால் துணி விழ இடமிருக்காது, ஒரே பந்தாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மிகக் குறைவாகப் போடுவதிலும் பிரச்சினை உண்டு. ஒரே ஒரு பெரிய துண்டையோ ஒற்றை ஜீன்ஸையோ போட்டால், அது ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டு எடை சமமாகாது. கூட இரண்டு மூன்று துணி சேர்த்துப் போடுங்கள்.

போடும் முன் சட்டைப் பைகளைத் துழாவுங்கள். ஜிப்பை இழுத்து மூடுங்கள், கொக்கி வைத்த உள்ளாடைகளையும் குழந்தைகளின் காலுறைகளையும் வலைப்பையில் போடுங்கள். சின்னத் துணிகள் கதவு ரப்பரின் மடிப்புக்குள் புகுந்துகொள்ளும். மழைக்கோட்டு மாதிரி தண்ணீர் புகாத துணிகளைப் பிழியும் புரோகிராமில் போட வேண்டாம். அவை தண்ணீரைப் பை மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும், வேகத்தில் எடை சட்டென்று மாறி மெஷினே குதித்துவிடும்.

தூள் விஷயத்தில் கையைக் கட்டுங்கள்

என் முதல் வாரத் தவறு இங்கேதான். வெள்ளைத் துணி நிறைய இருக்கிறதே என்று பழைய அளவில் தூளை அள்ளிப் போட்டேன். கண்ணாடி முழுக்க நுரை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் துணி மேலிருந்து விழும்போது நுரை மெத்தை மாதிரி தாங்கிக்கொள்கிறது. அடி விழாமல் அழுக்கு எப்படிப் போகும்? மெஷின் நுரையைக் கண்டுகொண்டு கூடுதலாக அலசியது, நேரம் நீண்டது. துணி உலர்ந்த பிறகு விறைப்பாக இருந்தது, கழுத்துப்பட்டையில் வெள்ளைத் திட்டு.

ஃப்ரண்ட் லோட் மெஷினுக்கு என்றே நுரை குறைவாக வரும் தூளும் லிக்விடும் கிடைக்கின்றன. அதைத்தான் வாங்க வேண்டும், பக்கெட்டில் ஊறவைக்கும் தூள் சரிவராது. ஒரு முழுத் துவையலுக்கு இந்த வகை மெஷின் ஏறக்குறைய 40 முதல் 60 லிட்டர் தண்ணீர்தான் எடுக்கும். மேல்மூடி மெஷின்களில் பல 100 லிட்டருக்கு மேல் எடுக்கும். தண்ணீர் பாதியானால் தூளும் குறையத்தானே வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். உங்கள் தண்ணீர் மென்னீராக இருந்தால் அதிலும் குறைக்கலாம், உப்புத்தண்ணீராக இருந்தால் சற்றுக் கூடும்.

போடுவது அதிகமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: துவைத்து உலர்ந்த துண்டுகள் இரண்டு மூன்றை எடுத்து, தூளே போடாமல் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் நுரை வந்தால் அது முன்பு போட்ட தூளின் மிச்சம். அடுத்த தடவை குறைத்துக்கொள்ளுங்கள்.

டிராயரில் பொதுவாக மூன்று அறை இருக்கும். ஒரு கோடு போட்டது முன்துவையலுக்கு, இரண்டு கோடு போட்டது அசல் துவையலுக்கு, பூப் படம் போட்டது சாஃப்ட்னருக்கு. அன்றாடத் தூள் இரண்டு கோடு அறையில்தான். சாஃப்ட்னரைக் குறிக்கோட்டுக்கு மேல் ஊற்றினால் உடனே வழிந்து வீணாகும். துண்டுகளுக்கு அது வேண்டாம், துண்டு ஈரம் உறிஞ்சும் தன்மையை இழந்துவிடும்.

எந்த புரோகிராம்

பதினாறு புரோகிராமைப் பார்த்து மலைக்காதீர்கள். முதல் பத்து நாளைக்கு மூன்று போதும். சாதாரணத் துணிக்கு காட்டன் அல்லது கலப்புத் துணிப் புரோகிராம் 30, 40 டிகிரியில், துண்டு, படுக்கை விரிப்புக்கு காட்டன் 60, அவசரத்துக்கு விரைவு. விரைவு புரோகிராம் ஒன்றிரண்டு கிலோ, வியர்வை மட்டும் பட்ட துணிக்கானது. டிரம் நிறையப் போட்டு விரைவில் ஓட்டிவிட்டு அழுக்குப் போகவில்லை என்று மெஷினைக் குறை சொல்லக் கூடாது.

நேரம் பலரைக் கோபப்படுத்தும். சாதாரணத் துவையலே ஒன்றரை மணி, இரண்டு மணி ஆகும். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஈக்கோ புரோகிராம் மூன்று மணியைத் தாண்டலாம். நீளமாக ஓடுவது அதிகக் கரண்ட் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பெரும் செலவு தண்ணீரைச் சூடாக்குவதில்தான். ஈக்கோவில் சூட்டைக் குறைத்து அதற்குப் பதிலாக நேரத்தைக் கூட்டுகிறார்கள். இரவு துணியை ஊறவைத்துக் காலையில் கசக்குகிற பொறுமை நமக்கு இருந்தால், இந்த மூன்று மணி ஒன்றும் பெரிதில்லை.

திரையில் காட்டும் நேரமும் நிலையானதல்ல. 'ஒரு நிமிடம்' என்று காட்டிவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே நிற்கும். பிழியும் முன் துணியைச் சமமாகப் பரப்ப முயன்றுகொண்டிருக்கும், சரிவரும்வரை வேகம் எடுக்காது. கடைசிவரை சரிவராமல் துணி சொட்டச் சொட்ட வெளியே வந்தால், உதறிப் பிரித்துப் போட்டு, பிழிதலை மட்டும் தனியே ஓட்டுங்கள்.

பிழியும் வேகத்தைச் சும்மா விடக் கூடாது. அரை மீட்டர் அகல டிரம் நிமிடத்துக்கு 1200 தடவை சுற்றினால், துணியின்மேல் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 400 மடங்கு விசை விழுகிறது. துண்டுக்கும் ஜீன்ஸுக்கும் அது வரம். மெல்லிய சட்டைக்குச் சுருக்கம். சட்டைகளுக்கு நான் 800-க்கு மேல் வைப்பதில்லை.

சத்தங்கள்

தண்ணீர் எடுக்கும்போது வால்வு 'டக்' என்னும், வெளியேற்றும்போது பம்ப் உறுமும், டிரம் ஒருபக்கம் சுற்றி நின்று மறுபக்கம் சுற்றும். எல்லாம் இயல்பு. பிழிதல் உச்சத்தில் விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு ஓசை எழும், அதுவும் சரிதான். உலோகம் உரசுவது, விட்டுவிட்டு இடிப்பது, மெஷின் இடம் பெயர்வது ஆகியவை இயல்பில்லை. நிறுத்திவிட்டுப் போல்ட், கால், துணியின் எடை என்று அந்த வரிசையிலேயே பாருங்கள்.

முடிந்த பிறகு

துணியை உடனே எடுத்து உலர்த்துங்கள். கதவைச் சாத்தாதீர்கள். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைக்க வேண்டும், யாராவது ஒருவர் ஒழுங்காக இருக்கட்டும் என்று சாத்திவிடுவார். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காற்றே புகாதபடி அடைப்பது. சாத்தினால் உள்ளே ஈரம் நின்று, சில வாரத்தில் புளித்த வாடையும் கரும்புள்ளிப் பூஞ்சையும் வரும். வந்துவிட்டால் அந்தப் புள்ளி லேசில் போகாது. ரப்பரின் மடிப்பை விரலால் பிரித்து, அடிப்பகுதியில் தேங்கிய தண்ணீரையும் நூல் முடியையும் துணியால் துடைத்துவிடுங்கள். தூள் டிராயரையும் சற்று இழுத்து வையுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகளோ பூனையோ இருந்தால், கதவைத் திறந்து வைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். விரற்கடை இடைவெளி போதும். பிள்ளைகள் அந்தப் பக்கம் தனியாகப் போகிற வீடென்றால், ஒரு மணி நேரம் காற்றாட விட்டுவிட்டு நன்றாகத் துடைத்து மூடிவிடுங்கள். சைல்டு லாக் பல மாடல்களில் பட்டன்களை மட்டும்தான் பூட்டும், காலி மெஷினின் கதவை அல்ல. ஒவ்வொரு தடவையும் துணி போடும் முன் டிரம்முக்குள் பார்த்துவிட்டே போடுங்கள். மிட்டாய் போலத் தெரியும் லிக்விட் கேப்ஸ்யூல்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மாதம் ஒரு தடவை டிரம் கிளீன் புரோகிராமைக் காலியாக ஓட்டினால் உள்ளே பிசுக்குச் சேராது. உப்புப் படிவதை நீக்கும் பொடியையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள். அமிலத்தோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைத் தாக்கும்.

பத்தாவது நாள் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். முன்பக்கம் கீழே ஒரு ஓரத்தில் சின்ன மூடிக்குள் இருக்கும். சூடான துவையல் முடிந்த உடனே திறக்காதீர்கள், வெந்நீர் கொட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டையான ஒரு தட்டையும் பழைய துண்டையும் கீழே வையுங்கள். பக்கத்தில் சின்னக் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியே தண்ணீரை வடித்துவிட்டு, அப்புறம் ஃபில்டரை இடப்பக்கமாக மெல்லத் திருகுங்கள். எனக்கு முதல் தடவை கிடைத்தவை ஒரு சட்டைப் பொத்தான், இரண்டு நாணயம், ஹேர்பின் ஒன்று, நூல் திரள். ஹேர்பின் அங்கே நிற்காமல் பம்ப்பின் விசிறிக்குப் போயிருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருந்திருக்கும். ஃபில்டரைக் கழுவி, உள்ளே விசிறி தடையில்லாமல் சுற்றுகிறதா என்று ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப இறுக்கமாகத் திருகி மூடுங்கள். அடுத்த துவையலில் முதல் பத்து நிமிடம் அந்த மூலையில் ஈரம் தட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.